முன்னறைப் பாட்டு

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பாடகியின் இரண்டாவது ஆல்பம் வெளியானது. பத்து இருபத்தைந்துக்கு முன்னறையில் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது.

சமையலறை மேசைக்கு இந்தப் பக்கம் பாடகி, அந்தப் பக்கம் அவள் தம்பி. தம்பிதான் அவளுக்கு மேலாளர், வேன் ஓட்டுகிறவன், வம்புக்கு வருகிறவர்களைச் சமாளிக்கிறவன், எல்லாம். இரண்டு போன்களை முன்னால் வைத்து மாற்றி மாற்றித் தேய்த்துக்கொண்டிருந்தவன் தலையைத் தூக்கினான்.

"மெஷின் நின்னுடுச்சு."

"நூல் அறுந்திருக்கும்."

"ஆறாவது பாட்டு இப்பதான் முடிஞ்சிருக்கும். பத்துலேருந்து கணக்குப் போட்டுப் பாரு. காதுல இயர்போன் மாட்டிக்கிட்டுத்தான் தைக்கிறாங்க." குரலை இறக்கினான். "அத்தைகிட்ட நீ சொல்லிட்டல்ல?"

"சொல்றேன்னு சொன்னேன்."

தம்பி இரண்டு போன்களையும் கவிழ்த்து வைத்தான். அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் அவள் எழுந்து, கழுவின டம்ளரையே மறுபடி கழுவினாள்.

அத்தை என்பது அவளுடைய மாமியார். மூன்று வருஷத்துக்கு முன்னால் கணவன் இறந்தபோது வீட்டில் மிஞ்சியது இவர்கள் இருவர்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக். பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில், மோட்டார் அறையில், மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. வயது முப்பத்தெட்டு. அத்தைக்கு ஒரு மகளும் உண்டு, ரயிலில் ஒரு பகல் தூரத்தில். அங்கே போகவில்லை. "என் மெஷின் இங்க இருக்கு, நான் எங்க போறது" என்றாள். திரைச்சீலைக் கடைகளுக்குத் தைத்துக் கொடுப்பது அவள் தொழில்.

அப்போது பாடகிக்குப் பகலில் பஸ் நிலையத்தில் அறிவிப்பு வேலை. மாலையிலிருந்து பதினொரு மணிவரை ஓர் ஓட்டலின் மாடிக்கூடத்தில் பாட்டு. பிறவியிலேயே கம்மல் குரல் அவளுக்கு. ஜலதோஷம் என்று நினைத்துப் பயணிகள் அறிவிப்பு அறையின் கண்ணாடி இடுக்கில் தொண்டை மாத்திரை செருகிவிட்டுப் போனதெல்லாம் உண்டு. ஓட்டலில் ஆர்கன் வாசித்தவரோடு சேர்ந்து, கணவன் இறந்த ஆறாம் மாதம், ஒன்பது பாட்டுகளைப் பதிவு செய்தாள். ஆல்பத்துக்கு 'மீதி' என்று பெயர் வைத்தார்கள். பத்திரிகைகள் அதை ஆன்ம இசை என்று எழுதின. கேட்டவர்கள் சோல் என்றார்கள். நிறையப் பேர் ஒன்றும் சொல்லாமல் அழுதார்கள்.

இழவு வீடுகளில் அந்த ஆல்பம் ஒலித்தது. ஆஸ்பத்திரிக் காத்திருப்பு அறைகளில் ஒலித்தது. பெண்டாட்டியைப் பறிகொடுத்தவர்களும் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களும் கடிதம் எழுதினார்கள். டயாலிசிஸ் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு நர்ஸ் 'மீதிக்காரங்க' என்று ஒரு ரசிகர் பக்கம் தொடங்க, அதில் லட்சக்கணக்கில் ஆட்கள் சேர்ந்தார்கள். அங்கேதான் அவளுக்குக் 'கம்மல்' என்று பேர் விழுந்தது. குரலைச் சொன்னார்கள், விஷயம் தெரியாதவர்கள் காதில் போடுகிற கம்மலைப் பரிசாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவளுக்குக் காதே குத்தவில்லை. "ஓட்டை இல்லாத காதுக்கு நாப்பது ஜோடி" என்று அத்தை சிரிப்பாள். கச்சேரிகளில் அத்தைக்கு எப்போதும் முதல் வரிசை நாற்காலி. ரசிகர்கள் அவளோடும் படம் எடுத்துக்கொள்வார்கள்.

இரண்டு வருஷம் அந்த ஒன்பது பாட்டுகளையே பாடினாள் பாடகி. மேடையில் வந்த அழுகை பொய்யில்லை. ஆனால் அழுகிறவள் சொல்லாமல் விட்ட ஒன்று இருந்தது. சாவதற்கு முந்தைய நாலு மாதம் அவளும் கணவனும் பேசிக்கொள்ளவில்லை. ஓட்டல் வேலையை விடச் சொன்னான், இவள் முடியாதென்றாள், வார்த்தை தடித்தது. ஒரு நாள் வேலை முடிந்து வந்தபோது அவன் பாயைச் சுருட்டிக்கொண்டு முன்னறைக்குப் போயிருந்தான். பிறகு அங்கேயேதான் படுத்தான். அப்படியே செத்தும் போனான்.

இரண்டாவது ஆல்பத்தின் பெயர் 'சரி, சொல்றேன்'. எட்டுப் பாட்டு. ஆறாவது பாட்டு 'முன்னறை'. அதில் ஆர்கன் சட்டென்று அடங்கும் இடத்தில் அவள் பாடுகிறாள்:

என் மூச்சுச் சத்தம் பிடிக்காமல்
முன்னறைக்குப் போனாய் நீ.

இதைத்தான் அத்தைக்கு முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். பதிவு முடிந்த அன்றைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். அட்டைப் படம் வந்த அன்றைக்கு, வியாழக்கிழமை சாப்பிடும்போது என்று தள்ளிக்கொண்டே வந்தாள். இப்போது அடுத்த அறையில் மெஷின் நின்றிருந்தது.

பத்து நிமிஷம் கழித்து அது மறுபடி ஓட ஆரம்பித்தது. தம்பி மூச்சை விட்டான்.

பன்னிரண்டு மணிக்கு விமர்சனம் வந்தது. பெரிய செய்தித்தாளின் இசை விமர்சகர். அவர் ஒன்றைப் பாராட்டுவது வருஷத்துக்கு இரண்டு தடவை நடந்தால் அதிகம். தம்பி சத்தமாக வாசித்தான். "'முதல் ஆல்பத்தில் இவர் அழகாக அழுதார். இதில் துணிந்து பேசுகிறார். முன்னறை என்ற பாட்டில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. துக்கத்துக்கு நாம் மாட்டிவிட்ட நல்ல சட்டையை இவர் கழற்றி எறிந்துவிட்டார்.' அக்கா! அஞ்சுக்கு அஞ்சு நட்சத்திரம்! இந்த ஆள் சொந்தத் தங்கச்சி பாடினாக்கூட நாலுதான் குடுப்பாரு!"

அவள் சிரிக்கப் பார்த்தாள். அதற்குள் அவனுடைய இன்னொரு போன் அதிர்ந்தது. பிறகு அது அதிர்வதை நிறுத்தவேயில்லை.

ரசிகர்கள் பாட்டைக் கேட்டு முடித்திருந்தார்கள்.

'அப்போ நாங்க அழுததெல்லாம்?' என்று ஒருத்தி கேட்டிருந்தாள். 'செத்தவர் எழுந்து வந்து பதில் சொல்ல முடியாதுங்கற தைரியம்' என்று இன்னொருவர். 'என் அம்மாவை அடக்கம் பண்ணினப்ப உங்க பாட்டைத்தான் போட்டேன், இப்ப கேக்கவே கூசுது.' சிலர் முதல் ஆல்பத்தின் அட்டையைக் கறுப்பு மையால் அடித்துப் படம் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்குப் பெரிய அரங்கத்தில் வெளியீட்டுக் கச்சேரி. டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கலாமா வேண்டாமா என்று ஒரு விவாதம் தனியாக ஓடியது.

நர்ஸ் மட்டும் சாயங்காலம்வரை ஒன்றும் எழுதவில்லை. வேலை முடிந்து வந்து எழுதியது கொஞ்சம்தான். 'எங்க வார்டுல ஒருத்தர் தன் கடைசி நாள்ல மீதி போடச் சொன்னார். அவர் மனைவி கையைப் பிடிச்சுக்கிட்டே கேட்டார். இன்னிக்கு அந்தம்மா எனக்குப் போன் பண்ணி, அது யாருக்காகப் பாடினதுன்னு கேக்கறாங்க. எனக்குப் பதில் தெரியல.'

வசவுகளையெல்லாம் தாண்டி வந்த பாடகி அந்த நாலு வரியில் வந்து நின்றுவிட்டாள்.

வீட்டுக்குள் அதைவிட மோசம். அத்தை வழக்கம்போலச் சமைத்தாள், தட்டு வைத்தாள். ஆனால் பாடகியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சொல்ல வேண்டியது இருந்தால் தம்பியிடம் சொன்னாள். "கச்சேரிக் கவுனுக்குக் கீழ மடிப்பு அடிக்கணும், எப்போ நிக்க முடியும்னு கேளு." அவன் ஆறடி தூரத்தில் இருப்பவளிடம் திரும்பி, "அக்கா, எப்போ நிக்க முடியும்?" என்பான். சனிக்கிழமை காலை வாசல் மணி அடித்தது. ஏதோ ஓர் இணையச் சேனலின் நிருபர், கையில் மைக். அத்தைதான் கதவைத் திறந்தாள்.

"அம்மா, உங்க பையன் அப்படிப்பட்டவரா? மருமகள் சொல்றது உண்மையா?"

சமையலறையில் பாடகி கையில் கரண்டியோடு உறைந்து நின்றாள். அத்தை நிருபரை மேலும் கீழும் பார்த்தாள்.

"உங்க சட்டையில ரெண்டாவது பட்டன் தொங்குது. விழறதுக்குள்ள தைச்சுக்கங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

அன்றைக்குப் பூராவும் பாடகி மூன்று முறை முன்னறை வாசல்வரை போனாள். மூன்று முறையும் மெஷின் சத்தம் உயர்ந்தது. மிதியை அத்தை வேண்டுமென்றே அழுத்துகிறாள் என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பாடகி முன்னறையில் ஸ்டூல் மேல் நின்றாள். கரும்பச்சை நிறத்தில் நீளமான கவுன். அத்தை கீழே உட்கார்ந்து, உதடுகளுக்கு நடுவே நாலைந்து குண்டூசிகளைக் கவ்வியபடி, மடிப்பைத் தூக்கித் தூக்கிக் குத்திக்கொண்டு வந்தாள். வாயில் ஊசி இருக்கிறவளிடம் என்ன பேசுவது? பாடகி எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு சுற்று முடிந்தது. அத்தை மீதி ஊசிகளை வாயிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"முன்னறை பாட்டு நல்லா இருக்கு."

"அத்தை, நான் முன்னாடியே..."

"நல்லா இருக்குன்னா நல்லா இருக்கு. ஆர்கன்காரர் கடைசில ஒரு இழுப்பு இழுக்கறாரே, அதுல எனக்கே கண்ணு கலங்கிடுச்சு. ஆனா ஒரு வரி தப்பு."

"எனக்கும் அவருக்கும் நடுவுல நடந்ததை நான்..."

"அசையாத, குத்திடும்." கவுனின் ஓரத்தைப் பிடித்து நிறுத்தினாள். "நீங்க ரெண்டு பேரும் பேசிக்கல. எனக்குத் தெரியாதா? உப்பு வேணும்னாக்கூட என் மூலமாத்தான் சேதி போகும். அதைப் பாடு. எம் பையன் பிடிவாதக்காரன்னு பாடு, கல்நெஞ்சன்னு பாடு. அவன் அப்பனும் அப்படித்தான். ஆனா அவன் முன்னறைக்கு வந்தது உன் மூச்சுச் சத்தம் பிடிக்காம இல்ல. என் மூச்சைக் கேக்கறதுக்கு."

பாடகி குனிந்து பார்த்தாள். அத்தை நிமிரவில்லை. முன்னறையை ஒட்டின சின்ன அறையின் கதவைக் கையால் காட்டினாள். அது அவள் படுக்கிற அறை.

"அந்த வருஷம்தான் எனக்கு மூச்சிரைப்பு ஆரம்பிச்சுது. படுத்தா நெஞ்சுல ஏறி உக்காந்துக்கும். அவன் இந்தக் கதவுக்கு வெளிய பாயப் போட்டான். சத்தம் மாறினா உள்ள வந்து என்னைத் தூக்கி உக்கார வெப்பான். நீ பதினொன்னரைக்குக் களைச்சுப் போய் வருவ. அடிச்சுப்போட்ட மாதிரி தூங்குவ. உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னு அவன்கிட்ட சத்தியம் வாங்கினது நான்."

"ஏன் அத்தை?"

அத்தை ஓர் ஊசியை எடுத்து மறுபடி வாயில் வைத்துக்கொண்டாள். இடுப்புக்குக் கீழே ஒரு சுருக்கத்தை நீவிவிட்டாள். பிறகு ஊசியை எடுத்தாள்.

"நீ ஒரு தடவை சொன்ன. எனக்குக் காய்ச்சல் வந்து கிடந்தேனே, அப்போ. 'உடம்பு முடியலன்னா உங்க பொண்ணு வீட்டுக்குப் போயிடுங்க. பஸ் ஸ்டாண்டையும் பாத்து ஆஸ்பத்திரியையும் பாக்க என்னால முடியாது'ன்னு. மாப்பிள்ளை வீட்டுல போய் ஒரு மூலையில கிடக்க எனக்குப் பயம். அதான்."

பாடகி அப்படிச் சொன்னதாக நினைவே இல்லை. ஆனால் வார்த்தைகள் அவளுடையவைதான். அந்தக் காலத்தில் அவள் அப்படித்தான் பேசுவாள்.

"அப்புறமாவது, அவர் போனதுக்கப்புறமாவது சொல்லியிருக்கலாமே."

"எதுக்கு? அவன் உம்மேல வெறுப்போடயே போயிட்டான்னு நீ நெனச்சுக்கிட்டிருக்கறது எனக்கு வெள்ளிக்கிழமை காலையிலதானே தெரியும்." அத்தையின் குரல் முதல் முறையாகத் தடுமாறியது. "தெரிஞ்சிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன்டி."

"இப்பவும் இரைக்குதா?"

"இரைக்கும். பட்டன் டப்பாவுல மருந்துக் குழல் இருக்கு. இறங்கு, மடிப்பு முடிஞ்சுது."

இரண்டு மணிக்கு வேனில் கிளம்பினார்கள். தம்பி ஓட்டினான், பக்கத்தில் ஆர்கன்காரர், பின்னால் பாடகியும் அத்தையும். விஷயத்தைக் கேட்டதும் தம்பி ஸ்டியரிங்கில் ஓங்கி அடித்தான்.

"இன்னிக்குத்தானா இது வரணும்? அக்கா, கேளு. வரியை மாத்தினா, ரசிகருங்களுக்குப் பயந்து மாத்திட்டாம்பாங்க. மாத்தாம பாடினா அது பொய்யின்னு உனக்கே தெரியும். பாட்டையே விட்டுட்டா ரெண்டு பக்கமும் அடி."

"எதுல அடி கம்மி?"

"எதுலயும் இல்ல!"

ஆர்கன்காரர் திரும்பிப் பார்த்தார். "எங்கே நிறுத்தணும்னு மட்டும் சொல்லும்மா. நான் நிறுத்திக்கறேன்." அவர் நாள் முழுக்கப் பேசியது அவ்வளவுதான்.

பாடகி அத்தையின் பக்கம் சாய்ந்தாள். "நடந்ததை மேடையில சொல்லட்டுமா?"

அத்தை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "உன் பாட்டு" என்றாள். சொல் என்கிறாளா சொல்லாதே என்கிறாளா என்று அதிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

மூன்றே காலுக்கு ஒப்பனை அறைக் கதவை யாரோ தட்டினார்கள். நர்ஸ். பக்கத்தில் பார்த்தபோது அவள் மிகவும் சின்ன உருவம். கையில் கடிகாரத்தை உள்பக்கமாகத் திருப்பிக் கட்டியிருந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"வெளிய எங்க ஆளுங்க இருநூறு பேர் இருக்காங்க. மத்த பாட்டுக்கெல்லாம் அமைதியா உக்காந்திருப்போம். அந்தப் பாட்டை மட்டும் விட்டுடுங்க. பாடினீங்கன்னா எழுந்து திரும்பி நிப்போம். கூச்சல் போட மாட்டோம். முதுகைக் காட்டிட்டு நிப்போம், அவ்வளவுதான்."

"விட முடியாதுங்க."

"அப்போ மீதி பொய்யா? அதை மட்டும் சொல்லிடுங்க. நான் ஒரு அம்மாவுக்குப் பதில் சொல்லணும்."

பாடகி கண்ணாடியை விட்டுத் திரும்பி உட்கார்ந்தாள். "பொய் இல்ல. நல்லாப் பேசிக்கிட்டிருந்த மனுஷன் செத்தா அழறோம். பேசாம இருந்த மனுஷன் செத்தா, பேசாம விட்ட பேச்சையும் சேத்து அழறோம். அந்த அழுகைதான் அது. அந்தம்மாகிட்ட அப்படியே சொல்லுங்க."

நர்ஸ் கதவைத் திறந்தாள். "யோசிக்கறேன். ஆனா திரும்பி நிப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அரங்கம் நிறைந்திருந்தது. இரண்டாவது வரிசையில் விமர்சகர், மடியில் நோட்டு. முதல் வரிசை நடுவில் அத்தை, கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. பாடகி முதல் ஆல்பத்திலிருந்து இரண்டு பாட்டுகள் பாடினாள். கைதட்டல் வந்தது, அளந்து ஊற்றின மாதிரி. புது ஆல்பத்திலிருந்து ஒன்று பாடினாள். அதற்கு அதுவும் இல்லை. பிறகு ஆர்கன்காரர் 'முன்னறை'யின் முதல் சுரங்களை வாசித்தார்.

நாற்காலிகள் மடங்கும் சத்தம் கேட்டது. இடது பக்கத்தில் இருநூறு பேர் எழுந்தார்கள். ஒருவரும் பேசவில்லை. எல்லோரும் திரும்பி, மேடைக்கு முதுகைக் காட்டி, வெளிவாசலைப் பார்த்து நின்றார்கள்.

அவள் கையைத் தூக்கினாள். ஆர்கன் நின்றது.

"இந்தப் பாட்டுல ஒரு வரி தப்பு" என்றாள். கம்மல் குரல் மைக்கில் இன்னும் கம்மியது. "வெள்ளிக்கிழமை வெளியிட்டப்போ எனக்குத் தெரியாது. இன்னிக்குக் காலையிலதான் தெரியும். அவர் முன்னறைக்குப் போனது என்னை வெறுத்து இல்ல. வீட்டுல உடம்பு முடியாத ஒருத்தர் இருந்தாங்க, அவங்களைப் பாத்துக்கப் போனாரு. அந்த உடம்பு முடியாததை எங்கிட்ட ஏன் மறைச்சாங்கன்னா, முடியலன்னா வீட்டை விட்டுப் போங்கன்னு நான் சொல்லியிருக்கேன். நான்தான் சொன்னேன். நாங்க பேசிக்காம இருந்தது நிஜம். அதைப் பாடுவேன். அந்த வரியைப் பாட மாட்டேன். அதுக்குப் பதிலா வேற வரி இன்னும் எங்கிட்ட இல்ல."

யாரோ பின்னாலிருந்து, "பயந்துட்டியா கம்மல்?" என்று கத்தினான். இன்னொருவர், "உக்காருய்யா" என்றார். விமர்சகர் எழுதிக்கொண்டிருந்தார். முதுகுகளில் நாற்பது ஐம்பது திரும்பின; மற்றவை அசையவில்லை.

பாட ஆரம்பித்தாள். முதல் சரணம் முடிந்து, ஆர்கன் அடங்கும் அந்த இடம் வந்தது. அவள் வாயை மூடிக்கொண்டாள். ஆர்கன்காரர் ஒரே ஒரு சுரத்தைப் பிடித்து, அந்த இரண்டு வரிகளின் நீளத்துக்கும் அப்படியே விட்டார். அரங்கத்தில் ஓர் இருமல்கூட இல்லை.

அப்போதுதான் முதல் வரிசையில் அத்தை எழுந்தாள்.

நடைபாதையில் நாற்காலி முதுகுகளைப் பிடித்துப் பிடித்து வாசலை நோக்கிப் போனாள். ஒரு கை மார்பில் இருந்தது. போகிறாளே என்று மட்டும்தான் பாடகிக்குப் பட்டது. சொல்லியிருக்கக் கூடாது. எல்லோர் முன்னாலும் அவளைக் காட்டிக்கொடுத்துவிட்டேன். இரண்டாவது சரணத்தின் சொற்கள் எப்படியோ வாயிலிருந்து வந்தன.

மேடைக்கு முதுகைக் காட்டி வாசலையே பார்த்துக்கொண்டு நின்ற நர்ஸ், நடைபாதையில் தன்னைத் தாண்டிப் போகிற கிழவியின் தோள்கள் ஏறி இறங்குவதைப் பார்த்தாள். உதட்டின் நிறத்தைப் பார்த்தாள். அடுத்த நொடி வரிசையிலிருந்த பத்துப் பேரின் கால்களை மிதித்துக்கொண்டு வெளியே ஓடினாள். தம்பியும் மேடை ஓரத்திலிருந்து குதித்து ஓடினான். பாடகிக்கு எல்லாம் தெரிந்தது. என்ன நடக்கிறது என்பது மட்டும் தெரியவில்லை. இன்னும் ஒரு சரணம் பாக்கி இருந்தது. பாதியில் நிறுத்தினால் என்ன என்று ஒரு கணம் நினைத்தாள். ஆர்கன்காரர் அவளைப் பார்த்தார், வேகத்தை ஒரு துளி கூட்டினார். பாடி முடித்தாள். கைதட்டினார்களா என்று பார்க்காமல் மைக்கைக் கீழே வைத்துவிட்டு, கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டுப் படியில் இறங்கி ஓடினாள்.

வெளித் தாழ்வாரத்தில், சுவரோரம் ஒரு பெஞ்சில் அத்தை முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் தரையில் மண்டியிட்டு, ஒரு கையால் அவள் முதுகைத் தாங்கி, மறு கையில் மருந்துக் குழலைப் பிடித்திருந்தாள். கைப்பை கவிழ்ந்து கிடக்க, பட்டன்கள் தரையெல்லாம் சிதறிக் கிடந்தன. டப்பாவையே பைக்குள் போட்டுக்கொண்டு வந்திருந்தாள் அத்தை. சற்றுத் தள்ளித் தம்பி தண்ணீர் பாட்டிலோடு நின்றான்.

"இன்னொரு தடவை இழுங்க. மெதுவா. ம், அப்படித்தான். எண்ணுங்க." நர்ஸ் தலையைத் தூக்காமல் பாடகியிடம், "கிட்ட வராதீங்க, காத்து வரட்டும்" என்றாள்.

பாடகி எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றாள். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். அத்தையின் தோள்கள் மெல்ல இறங்கின.

"நான் சொன்னதாலயா?" என்றாள் பாடகி.

அத்தை தலையை ஆட்டினாள். இல்லை என்றா, பேச முடியவில்லை என்றா தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் கழித்துக் குரல் வந்தது. "அந்த இடத்துல... நீ பாடாம நின்னியே... அங்க அவன் வந்துட்டான். அதான் தாங்கல."

நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தாள். "பத்து நிமிஷம் இப்படியே உக்காரட்டும். நாளைக்கு நெஞ்சு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. இந்த மருந்து மட்டும் பத்தாது. மூணு வருஷமா இப்படியே ஓட்டியிருக்காங்க, நல்ல ஆளுங்க நீங்க."

"பாட்டு முடிஞ்சுதா?" என்றாள் அத்தை.

"அது முடிஞ்சுது. இன்னும் ரெண்டு இருக்கு."

"அப்போ போ. டிக்கெட் வாங்கினவங்களை உக்கார வெச்சுட்டு இங்க என்ன வேடிக்கை?"

பாடகி நர்ஸைப் பார்த்தாள். நர்ஸ் தலையசைத்தாள். அவள் திரும்பிப் போய் மிச்ச இரண்டு பாட்டுகளையும் பாடினாள். எப்படிப் பாடினாள் என்று அவளுக்கே நினைவில்லை. இடது பக்கத்தில் பாதி நாற்காலிகள் காலியாக இருந்தன.

செவ்வாய்க்கிழமை விமர்சகர் இரண்டாவது கட்டுரை எழுதினார். பதிவில் இருந்த துணிச்சல் மேடையில் வற்றிவிட்டது என்றார். ஒரு நல்ல வரியை விழுங்கி, அதன் இடத்தில் மன்னிப்பை வைத்துவிட்டார் என்றார். கலைஞர்கள் உறவினர்களிடம் அனுமதி கேட்க ஆரம்பித்தால் இனிப் பாட்டே பிறக்காது என்று முடித்தார். ரசிகர்களில் ஒரு பகுதியினர் பக்கத்தை விட்டே போனார்கள். பயந்துவிட்டாள் என்றும், நல்ல வேளை பயந்தாள் என்றும் சண்டை போட்டார்கள். இரண்டாவது ஆல்பத்தைக் கேட்டவர்கள் முதலாவதைக் கேட்டவர்களில் பாதிகூட இல்லை. அடுத்த ஊர்களில் பேசி வைத்திருந்த கச்சேரிகளில் இரண்டு கழன்றுகொண்டன. தம்பி இரண்டு நாள் யாருடைய போனையும் எடுக்கவில்லை.

நர்ஸ் ஒரே ஒரு தடவை எழுதினாள். 'எனக்கு இந்த ஆல்பம் பிடிக்கல. முதல் ஆல்பம் மாதிரி இல்ல. அந்த அம்மாகிட்ட பதில் சொல்லிட்டேன், அவங்க கேட்டுக்கிட்டாங்க. இனிமே முதுகு காட்டறதெல்லாம் வேணாம். பின்னால என்ன நடக்குதுன்னு தெரிய மாட்டேங்குது.'

கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. முன்பு வந்த அளவு இல்லை. ஆனால் வேறு மாதிரிக் கடிதங்கள். ஒருவர், அண்ணனோடு பேசாமலே அவரை அடக்கம் செய்ததை எழுதியிருந்தார். ஒரு பெண், தன் அம்மாவைப் பற்றி ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்த ஒரு குற்றச்சாட்டு தப்பென்று பிறகு தெரிந்ததையும், யாரிடமும் அதைத் திருத்த முடியவில்லை என்பதையும் நாலு பக்கம் எழுதியிருந்தாள். பாடகி அதை இரண்டு தடவை படித்தாள்.

நெஞ்சு டாக்டரிடம் போய்விட்டுத் திரும்பின ஒரு மத்தியானம், வேனில், அத்தை தம்பியின் போனை வாங்கி மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு வந்தாள். திடீரென்று சிரித்தாள். இருமல் வரும்வரை சிரித்தாள்.

"என்ன அத்தை?"

"ஒருத்தன் எழுதியிருக்கான். 'இனிமே கம்மல் மாமியாரைக் கேட்டுத்தான் பாட்டு எழுதும்'னு."

"விடுங்க. நக்கல்."

"நக்கலோ என்னவோ." அத்தை போனைத் தம்பியின் சட்டைப் பையில் செருகினாள். "கேட்டிருந்தா அந்தத் தப்பு வந்திருக்குமா?"

பாடகி கொஞ்ச தூரம் போனபின் கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து, பிரித்து, அத்தையின் மடியில் வைத்தாள். பென்சிலில் எழுதி, அடித்து, மறுபடி எழுதின ஒரு புதுப் பாட்டின் எட்டு வரிகள். அத்தை அதை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள்.

"மூணாவது வரி புரியல" என்றாள். "படிச்சுக் காட்டு."